உப்பளத்தின் செந்நிற உயிர்

வெயில் முதிர்ந்த மாதங்களில் உப்பளங்களின் அருகே சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். கடலிலிருந்து முதற் பாத்திக்குள் விடப்பட்ட நீர் கடலின் நிறத்துடனேயே இருக்கும். பாத்திக்குப் பாத்தி மாறிச் செல்லும்போது வெயிலாலும் காற்றாலும் நீர் வற்றி, உப்பின் செறிவு ஏறிக்கொண்டே போகும். உப்புப் படியும் நிலையை அடைந்த இறுதிப் பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாகவும், சில வேளைகளிற் செங்கல் நிறமாகவும் தோன்றும். மண்ணின் நிறமே நீரில் ஏறிற்று என்று பலர் எண்ணுவதுண்டு. ஆனால், அந்நிறம் மண்ணிலிருந்து வந்ததன்று. கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத கோடானுகோடி உயிர்கள் அந்நீரில் வாழ்கின்றன. அவற்றின் உடலில் ஊறிய நிறமே நீரின் நிறமாகத் தெரிகிறது.

மீன் வாழாத நீர் அது. கரையிலுள்ள புல்லும் அந்நீர் பட்டாற் கருகிவிடும். அத்தகைய நீரில் ஓர் உயிர் எவ்வாறு பிழைக்கின்றது? பிழைப்பது மாத்திரமன்றி, மனிதனுக்குப் பயன்படும் அரிய பொருள்களைத் தன்னுள்ளே எவ்வாறு ஆக்கிக்கொள்கின்றது? இக்கேள்விகளுக்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அவர்கள் கண்ட விடை, கடல்நீர் நுண்பாசிகளை வளர்ப்போர் எல்லோருக்கும் இன்று வழிகாட்டியாக உள்ளது.

பிரான்சு தேசத்தின் தென்பகுதியிலே, மத்தியதரைக் கடலோரத்தில், பழமையான உப்பளங்கள் பல உண்டு. அவற்றின் நீர் சிவப்பதன் காரணம் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கருத்து வேறுபாடு இருந்தது. உப்புநீரில் வாழும் சிறிய இறால் இனமொன்றே அந்நிறத்துக்குக் காரணம் எனச் சிலர் கூறினர். மொம்பெலியே நகரைச் சேர்ந்த தாவரவியலறிஞர் மிஷேல் பெலீக்ஸ் டுனால் என்பவர் அந்நீரை உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். சிவந்த நிறமுடைய நுண்ணிய பாசியொன்று அதில் நிறைந்திருப்பதை 1838ஆம் ஆண்டில் அவர் எடுத்துரைத்தார். அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர், 1905ஆம் ஆண்டில், ருமேனியா நாட்டு அறிஞர் தியோடொரெஸ்கோ இவ்வுயிரைத் தனியொரு சாதியாக வகுத்து, முதலிற் கண்டவரின் நினைவாக டுனாலியெல்லா என்று பெயரிட்டார். அதே ஆண்டில் ஜேர்மனியில் கிளாரா ஹம்பேர்கர் என்னும் பெண்மணியும் இவ்வுயிரைத் தனித்து ஆராய்ந்து விரிவான கட்டுரை எழுதினார். உப்பு மிகுந்த நீரில் வாழும் இனத்துக்கு டுனாலியெல்லா சலீனா என்பது பெயர். உப்பளத்துச் சிவப்பில் இப்பாசிக்கு மாத்திரமன்றி, உப்பை விரும்பும் வேறு சில நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

அல்கா எனப் பாடநூல்கள் வழங்கும் பாசியினங்களுள் இது மிகச் சிறியவற்றுள் ஒன்று. இதன் உடல் முழுவதும் ஒரேயொரு கலம். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஐம்பது முதல் நூறு கலங்களை வரிசையாக வைக்கலாம். சவுக்குப் போன்ற இரண்டு மெல்லிய இழைகளை அசைத்து இது நீரிலே நீந்துகின்றது. செடிகளைப் போலவே இதனிடமும் பச்சையம் உண்டு. சூரிய ஒளியையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்குகின்றது. ஆயினும், செடிகளின் கலங்களுக்கு உள்ள உறுதியான சுவர் இதற்கு இல்லை. மெல்லிய சவ்வு ஒன்றே இதன் உடைமை முழுவதையும் காத்து நிற்கிறது.

சுவரில்லாத உயிர் உப்பு நீரிலே இருப்பது எத்துணை இடர் என்பதை உணர்வதற்கு வீட்டிலேயே சான்று உண்டு. மாங்காய்த் துண்டுகளுக்கு உப்பிட்டு வைத்தால் அவை நீரை விட்டுச் சுருங்குகின்றன. மீனுக்கு உப்பிட்டாற் கருவாடாக வற்றுகிறது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு கூடிய பக்கத்துக்குச் சவ்வினூடாக நீர் செல்லும் இவ்வியல்பைப் பிரசாரணம் என்பர். கடல் நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கு உப்பு உண்டு. உப்புப் படியும் பாத்தியிலோ அதனிலும் பல மடங்கு உப்பு இருக்கும். அங்கே வீழும் சாதாரண உயிர்க்கலம் எதுவும் நீரை இழந்து வற்றி மடியவேண்டியதுதான்.

டுனாலியெல்லா மடிவதில்லை. உப்புச் செறிவு திடீரென உயர்ந்தால் அதுவும் முதலிற் சுருங்குகிறது. ஆனால், சில மணி நேரத்துக்குள் மீண்டும் பழைய பருமனைப் பெற்றுவிடுகிறது. அதற்கான காரணத்தை 1964ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த கிரெய்கி, மக்லக்லன் என்னும் இருவர் புலப்படுத்தினர். உப்பு ஏற ஏற, இவ்வினக் கலங்கள் தம்முள்ளே கிளிசரோல் என்னும் பொருளை அதிகமாக ஆக்குகின்றன என அவர்கள் கண்டனர். மருந்துக் கடைகளிற் கிளிசரின் என விற்கப்படும் இனிப்பான திரவமே அது. வெளியேயுள்ள உப்பின் இழுப்புக்கு ஈடாக உள்ளே கிளிசரோல் நின்று நீரைப் பிடித்து வைக்கின்றது. உப்பை உள்ளே சேர்த்தும் ஈடுகட்டலாமே எனின், மிகுந்த உப்பு கலத்தின் நொதியங்களைக் கெடுத்துவிடும். ஆகவே இப்பாசி சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு, தீங்கற்ற கிளிசரோலை உள்ளே நிரப்புகிறது. உப்பு மிக மிகுந்த நீரில் உலர்நிறையின் பாதியளவு கிளிசரோலாகவே இருப்பதும் உண்டு. மழை பெய்து நீரின் உப்புக் குறைந்தால், மேலதிகமான கிளிசரோலை மாப்பொருளாக மாற்றிச் சேமித்துவிடுகிறது. மீண்டும் உப்பு ஏறும்போது அம்மாப்பொருளிலிருந்து கிளிசரோலை எடுத்துக்கொள்கிறது. இஸ்ரேல் நாட்டின் வைஸ்மன் விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த அமி பென்-அமொற்ஸ், மொர்தஹாய் அவ்ரோன் ஆகியோர் 1970களில் இவ்வொழுங்கை நுணுக்கமாக ஆராய்ந்து விளக்கினர்.

இஃது உப்பு என்னும் இன்னலுக்குப் பாசி கண்ட பரிகாரம். ஆனால் கிளிசரோலுக்கு நிறமில்லை. நீரைச் சிவக்கச் செய்வது வேறொரு பொருள். அதன் பெயர் பீற்றா கரோற்றீன். கரட் கிழங்குக்கும் பழுத்த பப்பாசிக்கும் செம்மஞ்சள் நிறம் கொடுப்பதும், கீரையின் பச்சைக்குள் மறைந்திருப்பதும் இதுவே. மனித உடல் இதனை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளவல்லது. அந்த விற்றமின் குறைந்த பிள்ளைகளுக்கு மாலைக்கண் நோய் வரும். குறை முற்றினாற் கண் பார்வையே போய்விடும். எனவேதான் இப்பொருளை நாடி மனிதன் உப்பளத்து நீரை நோக்கினான்.

100 கிராம் கரட் கிழங்கில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பீற்றா கரோற்றீன் உண்டு. தக்க நிலையில் வளர்க்கப்பட்ட டுனாலியெல்லாவிலோ உலர்நிறையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரையும், சில வேளை அதற்கு மேலும் இருக்கும். கரட் கிழங்கில் நீரே பெரும் பங்கு என்பதைக் கழித்துப் பார்த்தாலும், வேறுபாடு நூறு மடங்கைக் கடக்கின்றது. வேறெந்தத் தாவர உணவும் இதற்கு இணையாகாது. ஆயினும், இதிலே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதே பாசியை ஆய்வுகூடத்தில் நிழலான இடத்தில், நிறைந்த உரமும் அளவான உப்பும் கொடுத்து வளர்த்தால், அது பச்சைப் பசேலென இருக்கும். விரைவாகப் பெருகும், ஆனால் கரோற்றீன் மிகக் குறைவாகவே காணப்படும். வெயிலையும் உப்பையும் கூட்டி, உரத்தைக் குறைத்தாலன்றி அது சிவப்பதில்லை. நல்வாழ்வில் ஆக்காத பொருளை அது ஏன் இன்னலில் ஆக்குகின்றது?

இதனை விளங்கிக்கொள்ள, ஒளியும் ஒரு சுமையாகலாம் என்பதை அறியவேண்டும். செடிக்கும் பாசிக்கும் ஒளியே உயிர். எனினும், கலம் பயன்படுத்தக்கூடிய அளவுக்கு மேல் ஒளி வந்தால், பச்சையம் ஏற்ற சக்தியைச் செலவிட வழியிருப்பதில்லை. அச்சக்தி ஒட்சிசன் மீது பாய்ந்து, அதனைக் கொடிய தாக்குதல் செய்யும் பொருளாக மாற்றுகின்றது. அது கலத்தின் கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கும். போதிய உணவும் உரமும் உள்ள கலம், வந்த சக்தியை வளர்ச்சியிற் செலவிட்டு இரண்டாகப் பிரிந்துவிடும். அதற்கு ஒளி மிகையாகத் தோன்றாது. உரமற்ற கலமோ வளர முடியாது, வெயிலோ தணியாது. அதே வெயில் ஒன்றுக்கு உணவாகவும் மற்றொன்றுக்கு நஞ்சாகவும் அமைகிறது.

நைதரசன் உரம் இல்லாதபோது கலம் என்ன செய்ய முடியும்? புரதம் ஆக்குவதற்கு நைதரசன் வேண்டும். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு நைதரசன் அணுக்கள் உண்டு. ஆகவே அவ்விரண்டையும் புதிதாக ஆக்குவது இயலாது. பீற்றா கரோற்றீன் மூலக்கூற்றிலோ 40 காபன் அணுக்களும் 56 ஐதரசன் அணுக்களும் மாத்திரமே உள்ளன; நைதரசன் அணு ஒன்றேனும் இல்லை. காபனும் ஐதரசனும் ஒளித்தொகுப்பினால் தாராளமாகக் கிடைப்பவை. எனவே, கையில் உள்ளதைக் கொண்டு ஆக்கக்கூடியதை அக்கலம் ஆக்குகிறது. கரோற்றீனைச் சிறு சிறு எண்ணெய்த் துளிகளிற் கரைத்து, பச்சையம் இருக்கும் பச்சையவுருமணியின் ஓரங்களில் நிறைத்துவைக்கிறது. வெயிலுக்குக் கட்டிய தட்டிபோல அத்துளிகள் பச்சையத்துக்கு முன்னால் நிற்கின்றன.

இது வெறும் ஊகமன்று. கரோற்றீன் நிறைந்த கலங்களையும் குறைந்த கலங்களையும் கடுமையான ஒளியில் வைத்து வைஸ்மன் நிலையத்தார் பரிசோதனை செய்தனர். நீல ஒளியைப் பாய்ச்சியபோது சிவந்த கலங்கள் தப்பின. பச்சைக் கலங்கள் கேடுற்றன. செந்நிற ஒளியைப் பாய்ச்சியபோது இருசாராரும் ஒரேவிதமாகக் கேடுற்றனர். கரோற்றீன் நீல ஒளியை உறிஞ்சும். செந்நிற ஒளியை உறிஞ்சாது. தட்டி மறைக்கக்கூடிய ஒளியில் அது காத்தது. மறைக்கமுடியாத ஒளியிற் காக்கவில்லை. இதனால் அத்துளிகள் ஒளிக்குத் திரையாகவே அமைந்தன என்பது உறுதியாயிற்று.

1983ஆம் ஆண்டில் பென்-அமொற்ஸும் அவ்ரோனும் இக்கருத்தை எளிய விதியொன்றாகக் கூறினர். ஒரு கலம் ஒருமுறை பிரிந்ததற்கும் மறுமுறை பிரிவதற்கும் இடையே மொத்தமாக எவ்வளவு ஒளியைப் பெறுகின்றதோ, அவ்வளவுக்கு ஏற்பவே அதன் கரோற்றீன் அமையும் என்பது அவ்விதி. எடுத்துக்காட்டாக, ஒரு நாளில் இரண்டாகப் பிரியும் கலம் ஒரு நாள் வெயிலையே தாங்குகின்றது. அதன் கரோற்றீனும் இரண்டு மகவுக்கும் பங்காகிவிடுகின்றது. உரமின்மையால் ஐந்து நாள் பிரியாது நிற்கும் கலம் ஐந்து நாள் வெயிலைத் தனியே தாங்கவேண்டும். உரக்குறைவு, உப்பு மிகுதி, வெப்பநிலை மாற்றம் ஆகியன ஒன்றுக்கொன்று வேறானவை. ஆயினும் இவை யாவும் வளர்ச்சியைத் தாமதிக்கச் செய்வதால், வெயிற் சுமையைக் கூட்டுகின்றன. பலவகை இன்னல்களுக்கும் ஒரே விளைவு வருவதன் இரகசியம் இதுவே.

இவ்விதியிலேயே பாசி வளர்ப்போரின் பெருஞ் சங்கடமும் அடங்கியிருக்கிறது. கரோற்றீன் கூடுவது வளர்ச்சி குறைவதனால். ஒவ்வொரு கலத்திலும் பொருள் நிறைந்திருக்கும். ஆனால் கலங்கள் சிலவாகவே இருக்கும். மாறாக, வளர்ச்சிக்கு வழிவிட்டாற் கலங்கள் பலவாகும், பொருள் இராது. மேற்கு அவுஸ்திரேலியாவில் ஆராய்ச்சி நடத்திய போரோவிற்ஸ்கா முதலியோர், நூற்றுக்கு இருபதை அண்டிய உப்புச் செறிவில் இப்பாசி நன்றாக வளர்வதையும், கரோற்றீன் மிகுவதற்கு நூற்றுக்கு இருபத்தேழுக்கு மேற் செல்லவேண்டியிருப்பதையும் கண்டனர். இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவைத் தெரிந்துகொள்வதே தொழிலின் நுட்பமாயிற்று.

இப்பாசியிலிருந்து கரோற்றீன் எடுக்கலாம் என்னும் எண்ணத்தை 1960களில் உக்ரேனில் மசியுக் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடன் பணிபுரிந்தோரும் செயற்படுத்தத் தொடங்கினர். 1980களில் அவுஸ்திரேலியாவிலும் இஸ்ரேலிலும் அது பெருந் தொழிலாக வளர்ந்தது. இவ்விரு நாட்டாரும் கைக்கொண்ட வழிகள் ஒன்றுக்கொன்று மாறானவை.

மேற்கு அவுஸ்திரேலியாவின் கரையோரத்தில் ஹட் உப்பேரி என்னும் இளஞ்சிவப்பு நீர்நிலை ஒன்று உண்டு. அங்கும், தென் அவுஸ்திரேலியாவின் வயல்லா என்னும் இடத்திலும், நூற்றுக்கணக்கான எக்டயர் பரப்பில் ஆழமற்ற குளங்கள் அமைக்கப்பட்டன. அக்குளங்களில் நீரைக் கலக்குவதற்கு இயந்திரமில்லை. காற்றே கலக்குகிறது; வெயிலே வற்றச் செய்கிறது. இத்தகைய திறந்த குளங்களில் உப்புக்கு இரண்டு தொழில்கள் உண்டு. பாசியை நெருக்குவது ஒன்று. பாசியைக் காப்பது மற்றொன்று. உப்புச் செறிவு தாழ்ந்தால், பாசியை மேயும் நுண்விலங்குகள் பெருகிச் சில நாட்களிலேயே குளத்தை வெறுமையாக்கிவிடும். கரோற்றீன் ஆக்காத வேறு டுனாலியெல்லா இனங்களும் அப்போது மேலோங்கிவிடும். அவ்வெதிரிகளுக்கு ஒவ்வாத கடுமை இப்பாசிக்கு அரணாக நிற்கிறது. இம்முறையிற் செலவு குறைவு; ஆனால் நீரிலே பாசியின் செறிவும் மிகக் குறைவு.

செங்கடலின் தலைமாட்டிலுள்ள ஏலாத் நகரில் இதற்கு மாறான முறை கையாளப்பட்டது. அங்கே நீள்வட்ட வடிவான ஓடைகள் கட்டப்பட்டு, துடுப்புச் சக்கரங்களினால் நீர் இடையறாது சுழற்றப்பட்டது. நீரின் ஆழம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் மாத்திரமே. உரமும் உப்பும் நாளுக்கு நாள் அளந்து பார்க்கப்பட்டன. 1995ஆம் ஆண்டில் பென்-அமொற்ஸ் விவரித்த இரு கட்ட வளர்ப்பு முறை இங்கே சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. முதற் கட்டத்தில் நைத்திரேற்று உரம் நிறைந்த நீரிற் பாசி வளர்க்கப்படும். அங்கே அது செழித்துப் பெருகும்; நிறமும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். கலங்கள் போதிய அளவு பெருகிய பின்னர் அவை உரம் குறைந்த நீருக்கு மாற்றப்பட்டு, நீர் விட்டு ஐதாக்கப்படும். ஐதான நீரில் ஒவ்வொரு கலத்துக்கும் வெயில் முழுமையாகப் படும். உண்ணவோ நைதரசன் இராது. இரண்டாங் கட்டமாகிய அந்த நிலையில் அவை சிவக்கின்றன. சிவந்தவுடன் அறுவடை செய்யப்படுகின்றன.

அறுவடையும் எளிதன்று. கலங்கள் மிக நுண்ணியவை, சுவரற்றவை, கடுமையாகக் கையாண்டால் உடைந்துவிடும். உப்பு நீரின் அடர்த்தியும் அவற்றின் அடர்த்தியும் பெரிதும் வேறுபடாமையால் அவை இலகுவில் அடியிற் படிவதுமில்லை. ஒரு லீற்றர் நீரிலிருந்து ஒரு கிராமுக்குங் குறைவான பாசியைப் பிரித்தெடுக்க, பெருமளவு நீரைச் சுழல் இயந்திரங்களினூடாகச் செலுத்தவேண்டும். இதனால் இப்பொருளின் விலை உயர்ந்தே இருந்து வருகின்றது.

இவற்றைக் கேட்போர், எந்தப் பாசியையும் வருத்தினால் அரிய பொருள் கிடைக்கும் என முடிவுகட்டிவிடலாகாது. கடலிலே தையற்றம் என்னும் பாசியினம் உண்டு. அதன் கபில நிறத்துக்குக் காரணமாகிய பியூக்கோசாந்தீன் என்னும் நிறப்பொருள் இன்று மருந்தாய்வாளரால் விரும்பப்படுவது. அப்பொருளைப் பெறுவதற்குக் கடும் வெயில் உதவாது. மங்கிய ஒளியிலும் நிறைந்த நைதரசனிலுமே அது மிகுகின்றது. காரணம் தெளிவானது. கரோற்றீன் ஒளியை மறைக்கும் தட்டி. பியூக்கோசாந்தீன் ஒளியைப் பிடிக்கும் வலை. ஒளி குறைந்தபோது வலையை விரிப்பதும், ஒளி மிகுந்தபோது வலையைச் சுருக்குவதும் இயல்பே. இவ்வாறே, நன்னோகுளோரோப்சிசு என்னும் பாசியைப் பட்டினி போட்டால் அதன் எண்ணெய் மொத்தத்திற் கூடும். ஆனால் மீனெண்ணெயின் சிறப்புக்குக் காரணமான கொழுப்பமிலத்தின் பங்கு அவ்வெண்ணெயிற் குறைந்துவிடும். சேமிப்பு எண்ணெய் வேறு. உயிர்த்தொழிலுக்கு வேண்டிய சவ்வின் எண்ணெய் வேறு. ஆகவே ஒரு பொருளைப் பெற விரும்புவோர், அப்பொருள் அவ்வுயிருக்கு என்ன வேலை செய்கிறது என்பதை முதலிற் கேட்டறியவேண்டும். அவ்விடை தெரிந்தால், எதைக் கூட்டவேண்டும், எதைக் குறைக்கவேண்டும் என்பது தானே விளங்கும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. உயிர்க்கலத்தைக் காக்கும் பொருள் மனிதனையும் அதேவிதமாகக் காக்கும் என எண்ணுவது எளிது. காய்கறிகளையும் பழங்களையும் மிகுதியாக உண்போரிடையே சில புற்றுநோய்கள் குறைவாக இருப்பதைக் கண்ட வைத்தியர்கள், அதற்குப் பீற்றா கரோற்றீன் காரணமாகலாம் எனக் கருதினர். அதனைச் சோதிப்பதற்குப் பின்லாந்து நாட்டில், புகைப்பழக்கமுள்ள 29,133 ஆண்களைக் கொண்டு பெரியதொரு பரிசோதனை நடைபெற்றது. ஒரு சாராருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீற்றா கரோற்றீன் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டில் முடிவு வெளியானபோது வைத்திய உலகம் திகைத்தது. மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைப்பவர்களையும் கல்நார்த் தொழிலாளரையும் கொண்டு நடைபெற்ற வேறொரு பரிசோதனையிலும் இத்தகைய கேடே காணப்பட்டமையால், 1996ஆம் ஆண்டில் அம்மாத்திரை இடைநடுவில் நிறுத்தப்பட்டது.

அம்மாத்திரைகளில் இருந்தது தொழிற்சாலையில் இரசாயன முறையால் ஆக்கப்பட்ட கரோற்றீன். டுனாலியெல்லாவின் கரோற்றீன் இரண்டு வடிவங்கள் ஏறத்தாழச் சமமாகக் கலந்தது. செயற்கைக் கரோற்றீனிலோ ஒரு வடிவமே மிகுந்துள்ளது. இவ்வேறுபாட்டைக் கொண்டு பாசியின் கரோற்றீன் தீங்கற்றது எனக் கூறுவாரும் உளர். ஆனால் அவ்வளவு பெரிய பரிசோதனை அதற்கு நடைபெற்றதில்லை. எனவே, புகைப்பவர்கள் எவ்வகைக் கரோற்றீனையும் மிகுந்த அளவில் மாத்திரையாக உட்கொள்ளாதிருப்பதே விவேகம். விற்றமின் ஏ குறைந்த பிள்ளைக்குக் கரோற்றீன் கண்ணொளி. குறைவில்லாதவருக்கு, அதுவும் புகையினாற் கேடுற்ற நுரையீரல் உடையவருக்கு, அதே பொருளின் மிகுதி தீங்காயிற்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற மூத்தோர் மொழிக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கையின் இலையையும், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பூசணியையும் பப்பாசியையும் உணவோடு உண்பவருக்கு இந்த அச்சம் இல்லை.

உப்பளத்தின் இச்சிறிய உயிரைப் பற்றிய அறிவு வேறொரு சிந்தனைக்கும் இடமளிக்கின்றது. இன்னலே ஆற்றலைப் பிறப்பிக்கும் என்று பலர் சொல்வதுண்டு. வறுமையில் வாடிய பிள்ளையே முன்னேறும், வசதியில் வளர்ந்த பிள்ளை சோம்பியிருக்கும் என்று அதனை மனிதருக்கும் பொருத்திப் பேசுவர். டுனாலியெல்லாவின் கதையைப் பாதி கேட்டவருக்கு அவ்வாறே தோன்றும். முழுவதும் கேட்டவருக்கு அவ்வாறு தோன்றாது. முதல் நாளிலிருந்தே உரமின்றி விடப்பட்ட பாசியிலிருந்து எவரும் கரோற்றீன் எடுத்ததில்லை. எடுப்பதற்கு அங்கே பாசியே இராது. ஏலாத் நகரத்தார் முதலில் நிறைய ஊட்டினர், பெருகவிட்டனர், அதன் பின்னரே, குறித்த சில நாட்களுக்கு, அளந்து நெருக்கினர். அந்நெருக்கடியிற் சிவப்பதற்கு வேண்டிய கலங்கள் செழிப்பான நாட்களிலேயே பெருகியிருந்தன.

இன்னொன்றும் உண்டு. அப்பாசி சிவப்பது மனிதனுக்கு விற்றமின் அளிப்பதற்காகவன்று, தான் பிழைப்பதற்காக. அச்சிவப்பு அதன் சிறப்பைக் காட்டுவதோடு, அது பட்ட வருத்தத்தையும் காட்டுகின்றது. உரத்தை மீண்டும் கொடுத்து வெயிலைத் தணித்தால், அது கரோற்றீனைக் கைவிட்டுப் பசுமைக்குத் திரும்பி, மறுபடியும் வளரத் தொடங்குகிறது. எந்த உயிருக்கும் வளர்வதே இயல்பு. காத்துக்கொள்வது வளர முடியாத வேளையில் அது மேற்கொள்ளும் தொழில்.

வெயிலில் வற்றும் உப்புப் பாத்தியின் ஓரத்தில் நின்று செந்நிற நீரைக் காணும் நேயர்கள் இனி அதனை வெறும் நிறமாகக் கொள்ளமாட்டார்கள். நஞ்சாக மாறிவிட்ட ஒளிக்கு எதிரே, கையில் எஞ்சிய இரண்டு மூலகங்களைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் கட்டிய தட்டி அது. அதிலிருந்து ஒரு பிள்ளையின் கண்ணுக்கு ஒளி கிடைக்குமாயின், அஃது அந்த உயிரின் முயற்சியும் அதை அளவறிந்து வளர்த்த மனிதரின் பொறுமையும் சேர்ந்து தந்த பேறாகும்.